கிருமிக்காரி வெட்டிய சேனை

வெளியே போய் வந்தால் குளித்த பிறகுதான் பிள்ளையைத் தொடுவேன். இது எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம். திருவனந்தபுரத்தில் ஏறி, களியக்காவிளை நெரிசலில் வெந்து, வடசேரியில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது, எட்டு மாத மகள் வாசலில் அத்தையின் இடுப்பில் இருந்தபடி இரண்டு கைகளையும் நீட்டுவாள். நான் என் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கோழி திருடியவளைப் போலப் பக்கவாட்டில் நழுவிக் குளியலறைக்கு ஓடுவேன். அவள் வெளியே அழுவாள். எனக்கு மார்பில் பால் கட்டி வலிக்கும். நான் உள்ளே அழுதுகொண்டே சோப்புப் போடுவேன்.

அத்தை என்பது என் மாமியார். ஆரம்பத்தில் அவருக்கு இதில் ஏகப்பட்ட பெருமை. “எம் மருமவ எம்புட்டு படிச்சாலும் சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தவ மாதிரி தலைமுழுகிட்டுத்தான் பிள்ளையத் தொடுவா” என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார். உண்மையில் நான் பயந்தது பஸ்ஸில் என் தோளில் இருமிய பெரியவருக்கும், கம்பியைப் பிடித்த கைக்கும்தான். நான் பயப்படும் கிருமிகளை வரிசைப்படுத்தினால், நான் ஆராயும் கிருமி கடைசிக்கு வரும். அதற்கு முன்னால் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி வந்துவிடும்.

நான் திருவனந்தபுரத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிப்பது ரெட்ரோவைரஸ் தன் மரபணுக்களை எப்படி ஆட்டிவைக்கிறது என்பதைப் பற்றி. எய்ட்ஸைக் கொண்டுவருகிற எச்.ஐ.வி. இந்த வகையைச் சேர்ந்தது. வாடகைக்கு வந்து பத்திரத்தில் தன் பெயரை எழுதிக்கொள்கிற ரகம். செல்லுக்குள் நுழைந்ததும், கொண்டுவந்த ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, நம் டி.என்.ஏ.வின் நடுவிலேயே ஒட்டிவிடும். அதன்பின் அதற்குச் சொந்தமாக வேலைக்காரர்கள் தேவையில்லை. நம் செல்லின் நகலெடுக்கும் இயந்திரமே அதற்கும் நகல் எடுத்துக் கொடுக்கும். எப்போது எடுக்க வேண்டும், எவ்வளவு எடுக்க வேண்டும், எப்போது மூச்சுக் காட்டாமல் கிடக்க வேண்டும் என்பதை மட்டும் அது தன் கையில் வைத்துக்கொள்ளும்.

என்னிடம் முழு வைரஸ் கிடையாது. அதன் தலைப்பக்கத்தில் இருக்கும் சுவிட்ச் மட்டும்தான் உண்டு. அந்தத் துண்டை மின்மினிப் பூச்சியின் ஒளிதரும் மரபணுவோடு சேர்த்துச் செல்லுக்குள் வைத்திருக்கிறோம். சுவிட்ச் எவ்வளவு திறந்திருக்கிறதோ அவ்வளவு வெளிச்சம் வரும். நான் அந்த வெளிச்சத்தை அளக்கிறேன். அது யாரையும் பிடிக்காது, பிடிக்கவும் முடியாது. ஸ்டீயரிங்கை மட்டும் கையில் வைத்திருப்பவளைப் பார்த்து பஸ் மோதிவிடும் என்று ஒதுங்குவதற்குச் சமம், என்னைப் பார்த்து ஒதுங்குவது. இதை நான் இப்போது எவ்வளவு அழகாகச் சொல்கிறேன். சொல்லியிருக்க வேண்டிய நாளில் வேறு எதையோ சொன்னேன்.

நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீடு இறச்சகுளத்துக்கு அப்பால் என்றாலும், மாப்பிள்ளையின் பெரியம்மை, அதாவது அவர் அம்மாவின் அக்கா, எங்கள் ஊரிலேயே, அடுத்த தெருவில் இருந்தார். சம்பந்தத்தைப் பேசி முடித்ததே அவர்தான். அதனால் எங்கள் வீட்டுக்குள் கேட்காமல் நுழையும் உரிமையும் அடுப்பில் இருக்கும் பாத்திரத்தைத் திறந்து பார்க்கும் உரிமையும் அவருக்கு வந்திருந்தன. ஒருநாள் நான் பிள்ளையைத் தாண்டிக் குளிக்க ஓடியதைப் பார்த்துவிட்டு, “எதுக்கு இந்த ஓட்டம்” என்று அத்தையிடம் கேட்டிருக்கிறார். “அவ எய்ட்சுக்கிருமியில்லா ஆராய்ச்சி பண்ணுகா” என்று அத்தை பெருமையோடு சொல்லியிருக்கிறார்.

அவ்வளவுதான் கசிந்தது. பிறகு நடந்ததைப் பார்த்தபோது பயத்தையும் மீறி எனக்கு ஒரு தொழில்முறைத் திருப்தி இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். என் ஆய்வின் முதல் பகுதி அப்படியே தெருவில் ஓடியது.

வடசேரியில் சில பஸ்கள் கிளம்பும். நிலையத்தின் வாசலைத் தாண்டியதும் நின்றுவிடும். ஆள் சேரவில்லை என்று கண்டக்டர் இறங்கி நிற்பார். வைரஸின் சுவிட்சிலும் அதுதான் நடக்கிறது. நகலெடுக்கும் இயந்திரம் கிளம்பும், கொஞ்ச தூரத்தில் நின்றுபோகும், கையில் இருக்கும் துண்டு நகல் வீணாகும். எப்போதாவது ஒன்று மட்டும் கடைசிவரை ஓடிவிடும். அந்த ஒன்றிலிருந்து டாட் என்ற சின்னப் புரதம் கொஞ்சம் பிறக்கும். அது சும்மா இருக்காது. திரும்பி அதே இடத்துக்கு வந்து, நின்றுகிடக்கும் பஸ்ஸுக்குத் தள்ள ஆளையும் கூட்டிக்கொண்டு வந்து டபுள் விசில் கொடுக்கும். பிறகு நிறைய பஸ் ஓடும். நிறைய டாட் பிறக்கும். இன்னும் நிறைய விசில்.

தெருவில் அந்தப் பேச்சு முதலில் இரண்டு வீடு போய் நின்றிருக்க வேண்டும். அதற்குள் யாரோ ஒருவர் திரும்பி வந்து பெரியம்மையிடமே, “உங்க சம்பந்தி வீட்டுல மருமவளுக்கு என்னமோ சீக்காமே” என்று கேட்டிருக்கிறார். கிளம்பிய இடத்துக்கே பேச்சு வந்துவிட்டது. அதன்பின் அதற்குக் களைப்பே இல்லை. வாரம் முடிவதற்குள் எனக்கு எய்ட்ஸ். அடுத்த வாரம் பிள்ளைக்கும்.

பெரியம்மை நேரில் வந்தார். நான் காபி கொண்டுபோய் வைத்தேன். அவர் தம்ளரைப் பார்த்தார், என் விரல்களைப் பார்த்தார்.

“நேரா கேக்கேன், மக்கா. ஒளிக்கப்பிடாது. ஒனக்கு ஒண்ணும் இல்லல்லா?”

“ஒண்ணும் இல்ல பெரியம்ம.”

“பிள்ளைக்கு?”

“ஒண்ணும் இல்ல.”

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் அவர் காபியைக் குடித்திருப்பார். ஆனால் நான் படித்தவள். ஒரு கேள்விக்கு விடை சொன்னபின் அந்த விடை முழுமையானதா என்று யோசிப்பவள். ஒன்றும் இல்லை என்று ஒரு விஞ்ஞான மாணவி சொல்லலாமா? ரெட்ரோவைரஸே இல்லாத மனித உடம்பு உண்டா?

“அதாவது, சீக்கு ஒண்ணும் இல்ல பெரியம்ம. ஆனா அந்த வகைக் கிருமியோட பழைய துண்டுகள் எல்லாருக்குள்ளயும் உண்டு. கோடிக்கணக்கான வருசத்துக்கு முன்ன நம்ம முன்னோருக்கு ஒட்டினது. இப்பம் அது நம்ம சொந்த மரபணு மாதிரி ஆயிப்போச்சு. உங்களுக்குள்ளயும் இருக்கு.”

“எனக்குள்ளயா?”

“எல்லாருக்குள்ளயும். அது நல்லதுதான். நஞ்சுக்கொடி இருக்குல்லா, பிள்ளை வயித்துல ஒட்டி நிக்க. அது சரியா உருவாகணும்னா அந்தப் பழைய கிருமிகிட்ட இருந்து வந்த ஒரு மரபணு வேணும். அது இல்லேன்னா நீங்களே உங்க மக்களப் பெத்திருக்க முடியாது.”

பெரியம்மைக்கு மூன்று பிள்ளைகள். மூவரும் கிருமியின் தயவால் பிறந்தவர்கள் என்று அவர் முகத்துக்கு நேரே, சம்பந்தி வீட்டில் வைத்துச் சொல்லியிருக்கிறேன் என்பது அவர் எழுந்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது.

“கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டுப் பொம்பளைகளுக்கு எல்லாம் உண்டும்னு சொல்லுகா” என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனார். காபியில் ஆடை படிந்தது. மாப்பிள்ளை வீட்டார் வாய் நனைக்காமல் எழுந்துபோனால் எங்கள் பக்கத்தில் அது சின்ன விஷயமல்ல.

அத்தை அந்தக் காபியைத் தானே எடுத்துப் போய்த் தென்னை மூட்டில் ஊற்றினார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

“ஏட்டி, ஒன்ன யாரு வயித்துக்குள்ள போவச் சொன்னா?”

“உள்ளதத்தான் சொன்னேன் அத்த.”

“உள்ளது எல்லாத்தையும் சொல்லுகதுக்கு நாம என்ன கோர்ட்டுலயா நிக்கோம்? கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் நீ திருவனந்தபுரம் போவாண்டாம்.”

“முடிஞ்ச பொறவு?”

“பாக்கலாம்.”

இந்த வீட்டில் ‘பாக்கலாம்’ என்ற சொல்லை நான் அறிவேன். மாடியில் ஒரு அறை கட்டுவதும், மாமா பல் கட்டுவதும் ‘பாக்கலாம்’ என்ற இடத்தில்தான் பல வருடங்களாக இருக்கின்றன. அத்தை பிள்ளையைப் பார்த்துக்கொண்டால்தான் நான் ஆய்வகம் போக முடியும். என் அம்மை வேலைக்குப் போகிறவள். பிள்ளையைக் காப்பகத்தில் விட என்னால் முடியாது. அங்கே எத்தனை கிருமி. அத்தை கையை விரித்தால் என் படிப்பு முடிந்தது. முடிக்க இன்னும் கொஞ்சம் அளவுகள்தான் பாக்கி.

குவைத்தில் இருக்கும் கணவருக்குப் போன் செய்தேன். “அம்மை சொல்லுகத கேளு. பொறவு பேசிக்கிடலாம்” என்றார். பிறகு, “எனக்குள்ளயும் இருக்கா?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். “லீவு கேக்கதுக்கு உதவுமா” என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

அதன்பின் நான் வீட்டில் இருந்தேன். அத்தை சொன்னது சரிதானோ என்று காலையிலும், நான் செய்தது சரிதானோ என்று மாலையிலும் யோசித்தேன். மகளுக்கு வியர்க்குரு வந்தது. இல்லவே இல்லாத கிருமியை, அது இல்லை என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்த ஒருத்தி, பிள்ளையின் கழுத்து மடிப்பில் தேடினாள். தெருவை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய?

இன்னொன்றும் தோன்றியது. இவ்வளவும் இல்லாத நோய்க்கு. நிஜமாகவே அந்தக் கிருமியோடு, ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, பிள்ளையும் பெற்று, நல்லபடியாக வாழ்கிற ஒருத்தி இந்தத் தெருவிலேயே இருக்கக்கூடும். அவள் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து தலையாட்டியிருப்பாள். எனக்கு அது தெரியவே வழியில்லை. அவளுக்கு நான் செய்த உதவி, பெரியம்மையின் வயிற்றைப் பற்றிப் பேசியதுதான்.

கல்யாணம் மண்டபத்தில் என்றாலும் முந்தின நாள் சாப்பாடு வீட்டில்தான். அதற்காகப் பின்பக்கம் தகரக் கூரை போட்டு, சமைக்க ஓர் ஆக்குப்புரை எழுந்தது. சாமான்கள் எல்லாம் ஓர் அறையில். அதற்குப் பெயர் கலவறை. மத்தியானத்துக்கு மேல் சொந்தக்காரப் பெண்களும் அக்கம்பக்கத்துப் பெண்களும் வந்து கலவறைக்கு முன்னால் உட்கார்ந்து காய்கறி வெட்டுவார்கள். பெண்ணின் மைனி, அதாவது அண்ணன் பெண்டாட்டி, முதல் காயை வெட்டித் தொடங்கி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். மைனி நான்தான்.

“நீ கைப்பிள்ளக்காரி. பிள்ளைய நோக்கு” என்றார் அத்தை, என் முகத்தைப் பார்க்காமல். முதல் தடியங்காயை அத்தையின் தங்கையான சித்தி வெட்டினார்.

நான் சன்னலோரம் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். கலவறையில் மாமாவின் ஆட்சி. வெட்டாத காய் எதுவும் ஆக்குப்புரைக்குப் போகக்கூடாது என்பது அவர் சட்டம். சமையல்காரர்களிடம் முழுக்காயைக் கொடுத்தால் பாதி அவர்கள் வீட்டுக்குப் போய்விடும் என்ற சந்தேகம். நம் செல்லின் உட்கருவும் இதே மாமாதான். ஆர்.என்.ஏ.வை வெட்டித் தேவையில்லாததை நீக்கிய பிறகே வெளியே விடும். வைரஸுக்கு இது தலைவலி. அதற்கு வெட்டாத முழு நகலும் வெளியே போயாக வேண்டும், அடுத்த வைரஸுக்குள் வைத்துக் கட்ட. அதனால் அது என்ன செய்கிறது என்றால், முதலில் நன்றாக வெட்டுப்பட்ட சின்ன நகல்களை மட்டும், நல்ல பிள்ளையாக, வெளியே அனுப்புகிறது. அவற்றிலிருந்து ரெவ் என்ற புரதம் உண்டாகிறது. ரெவ் உள்ளே திரும்பிப் போகும். போதுமான அளவு சேர்ந்ததும், வெட்டாத நகலின் கையைப் பிடித்து, “இது எங்காளு” என்று சொல்லிக் காவலைத் தாண்டி வெளியே கூட்டிவந்துவிடும். எனக்கு அப்படிக் கூட்டிப்போக ஆளில்லை.

வெள்ளரி முடிந்தது, ஏத்தங்காய் முடிந்தது, சீனியவரை முடிந்தது. கடைசியாக எரிசேரிக் கறிக்குச் சேனைக்கிழங்கு. எங்கள் ஊரில் எவ்வளவு தூரத்து உறவும் தடியங்காய் வெட்ட வரும். சேனை என்றதும் எல்லோருக்கும் வீட்டில் பால் காய்ச்சுவது நினைவுக்கு வரும். கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வெட்டினால் அரிக்காது என்று சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் வெட்டுவதில்லை.

பெரியம்மை சம்பந்தி வீட்டுக்காரராகச் சும்மா மேற்பார்வை பார்க்கத்தான் வந்திருந்தார். “ஒரு சேனைக்கா இந்தப் பாடு. எனக்கெல்லாம் கை சொறிஞ்சதே கெடையாது” என்று எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு கிழங்கு முடிவதற்குள் புறங்கையை முட்டியில் தேய்த்தார். பிறகு முழங்கையை அருவாமணைக் கட்டையில். பிறகு எழுந்துபோய்ப் புளித்தண்ணீரில் கைவிட்டு நின்றார். மூட்டையில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. சமையல்காரர் எட்டிப் பார்த்து, “சேனை ஆச்சா?” என்றார். இன்னும் சிலர் பால் காய்ச்ச எழுந்தார்கள்.

பிள்ளைக்குத் துடைத்துவிடும்போது போட்டுக்கொள்வதற்காக நான் மருந்துக்கடையில் வாங்கிய கையுறை டப்பா ஒன்று அலமாரியில் இருந்தது. அத்தை அதை என் பைத்தியங்களில் ஒன்றாக வைத்திருந்தார். கையுறை போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தால், “பாத்தியா, அவளுக்கே பயம்” என்பார்கள். போடாமல் உட்கார்ந்தால், “இந்தக் கையாலயா நாம திங்கணும்” என்பார்கள். உட்காராமலே இருந்தால் ‘பாக்கலாம்’. மூன்றையும் மாற்றி மாற்றி யோசித்தேன். எப்போதும் போல எந்த முடிவும் வரவில்லை. மகள் என் தாலிக்கொடியைச் சப்பிக்கொண்டிருந்தாள். அவளை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு டப்பாவோடு போய் அருவாமணையின் முன்னால் உட்கார்ந்தேன்.

கையுறையை இழுத்து மாட்டும் சத்தம் அந்த முற்றத்தில் அவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று நான் நினைக்கவில்லை. அத்தை தேங்காய் துருவுவதை நிறுத்தினார்.

பெரியம்மை புளித்தண்ணீரில் இருந்து தலையைத் திருப்பினார். “என்னட்டி, ஒனக்கே பயமா?”

விளக்குவதற்கு என் வாயில் நிறைய இருந்தது. சேனையை அரிக்க வைக்கும் கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இருந்தன. மின்மினி இருந்தது. நஞ்சுக்கொடிகூட இருந்தது.

“சேனைக்குப் பயம், பெரியம்ம” என்றேன்.

சித்திதான் முதலில் சிரித்தார். நான் சேனையின் தோலைச் சீவினேன். ஒரு கிழங்கு, இன்னொரு கிழங்கு. என் கையை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்த்தது அது அரிக்கிறதா என்பதைத்தான் என்று எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

“ஒண்ணும் செய்யலியா?” என்றார் பெரியம்மை.

“இல்ல.”

“சொறியவே இல்லியா?”

“இல்ல பெரியம்ம.”

அவர் கையைச் சேலையில் துடைத்தார். வந்து என் பக்கத்தில் நின்றார். டப்பாவை, பின் என்னை, பின் மறுபடி டப்பாவைப் பார்த்தார். எய்ட்ஸுக்கும் சேனைக்கும் நடுவில் அவர் நின்ற நேரம் அதிகமில்லை.

“அந்த எளவுல எனக்கும் ஒரு சோடி தா.”

கொடுத்தேன். அவரால் மாட்ட முடியவில்லை, எண்ணெய்க் கை. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து, விரல் விரலாக இழுத்துவிட்டேன். அவர் கையைப் பின்னால் இழுக்கவில்லை. என் பக்கத்திலேயே இன்னொரு அருவாமணையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “எனக்கு?” என்று சித்தி கேட்டார். பிறகு பால் காய்ச்சப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து டப்பாவுக்குள் கைவிட்டார்கள். அன்றைக்கு எங்கள் முற்றத்தைப் பார்த்தவர்கள் பந்திக்கு எரிசேரி தயாராகிறது என்று நம்பியிருக்க மாட்டார்கள். பெரிய ஆபரேஷன் நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

“ஆசுபத்திரி உறையா இது?” என்றாள் ஒருத்தி.

“மருந்துக்கடைல விக்கான்” என்றார் பெரியம்மை, தானே கடை வைத்திருப்பவர்போல. “ஆனா திருவனந்தபுரத்துல இதவிடக் கட்டியா கெடைக்கும். அவ போற எடத்துல டப்பா டப்பாவா கெடக்கும். இல்லியா மக்கா?”

கிடக்கும் என்றேன். அது ஆய்வகத்துச் சொத்து, வெளியே கொண்டுவரக் கூடாது என்பதைச் சொல்லவில்லை. கடையில் வாங்கிக் கொடுத்தால் போயிற்று.

அவர் அத்தையிடம் திரும்பினார். “ஏட்டி சம்பந்தி, இவ எப்பம் போறா?”

அத்தை தேங்காய்த் துருவலைப் பார்த்தார். நான் சேனையைப் பார்த்தேன்.

“மறுவீடு முடியட்டும் அக்கா” என்றார் அத்தை. “பொறவு போவா. பிள்ளைய நான் பாத்துக்கிடுவேன்லா.”

“போனா எனக்கு ஒரு டப்பா கொண்டாரச் சொல்லு. எங்க பொண்ணு வீட்டுல விசேசம் வருது, அங்கயும் சேனைதான்.”

நான் ஆராய்ச்சியில் பல மாதங்களாகப் படித்த ரெவ், எண்ணெய்க் கையில் பெரிய அளவுக் கையுறை போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைத் தோளில் தேய்த்துக்கொண்டிருந்தது. ஒன்றும் விளக்கப்படாமல், ஒன்றும் வெட்டப்படாமல், முழுக்காயாகவே நான் வெளியே வந்துவிட்டேன்.

கல்யாணம் நடந்தது. மறுவீடும் முடிந்தது. அந்தப் பேச்சு எங்கே போயிற்று என்று யாராவது கேட்டால், எங்கும் போகவில்லை என்பேன். மூச்சுக் காட்டாமல் கிடக்கிறது. நாத்தனாருக்கும் அவள் மாமியாருக்கும் முதல் சண்டை வரும்போது யாராவது ஒரு விசில் கொடுப்பார்கள், பஸ் மறுபடி கிளம்பும். வைரஸும் அப்படித்தான் கிடக்கும், மாத்திரைக்கு எட்டாமல். அதற்காகத்தான் அந்தச் சுவிட்சையே படிக்கிறோம்.

திரும்பப் போன முதல் நாள், சாயங்காலம் பஸ்ஸில் இருந்து இறங்கினேன். பையில் பெரியம்மைக்கு ஒரு டப்பா. மகள் அத்தையின் இடுப்பில் இருந்து இரண்டு கைகளையும் நீட்டினாள். பக்கத்தில் பெரியம்மையும் நின்றிருந்தார். இவ்வளவு நடந்தபின் இனியும் ஓடிப்போய்க் குளித்தால் என்ன நினைப்பார்களோ என்று தயங்கி, நானும் கைகளை நீட்டினேன்.

பெரியம்மை நடுவில் வந்து நின்றார்.

“எங்கட்டி போற? பஸ்ஸுல வந்த கையோட பிள்ளையத் தொடுகதா? டப்பாவ இங்க தந்துட்டு, போய்க் குளி.”